மச்சான் நம்பாத போலந்து

1

சென்ற செவ்வாய்க்கிழமை, காலை உணவு முடிவதற்குள், என் மகள் ஒரு நாட்டை ரத்து செய்துவிட்டாள்.

மாயாவுக்கு இருபத்தொரு வயது. இங்கே போலந்தில், லோட்ஸ் நகரத்தில் பிறந்து வளர்ந்தவள். ஒரு பருவத்தைப் போர்ச்சுகலில் படிக்க அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. கடலோர ஊர். தங்கும் அறைகூடப் பார்த்தாகிவிட்டது. கூட வருவதாக இருந்த தோழி கடைசியில் வரவில்லை என்றாள். மாயா ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே இன்னொரு கையால் கைபேசியை இரண்டு மூன்று முறை தொட்டாள்.

"போகலைன்னு சொல்லிட்டேன் அப்பா. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம். இல்லைன்னா வேற எங்கயாவது."

இதில் 'அப்பா' மட்டும் தமிழ். மீதியெல்லாம் போலிஷ். அவளிடம் இப்போது மிச்சமிருப்பது சமையலறைத் தமிழ்தான்: சூடு, போதும், வேணாம். சிறு வயதில் முழு வாக்கியங்கள் பேசினாள். எந்த வருஷத்தில் அவை ஒவ்வொன்றாக நின்றன என்று தேதி குறித்து வைக்க நினைத்தேன், முடியவில்லை. அந்த மாதிரி விஷயங்கள் தேதிக்குள் அடங்குவதில்லை.

நான் தட்டை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றேன். என் மனைவி மார்த்தா இந்த ஊர்க்காரி. அவள் மகளிடம் மெதுவாகச் சொன்னாள்: "செப்டம்பர் வந்தால் அப்பா இப்படித்தான். கதிர்வேல் மாமா ஞாபகம்."

"யாரு, ஜூன் மாசத்துல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு இருந்தாரே, அவரா?"

அவன்தான்.

2

கதிர்வேல் என் அத்தை மகன். என்னைவிடச் சில மாதம் மூத்தவன். நான் அவனை மச்சான் என்பேன், அவன் என்னை மாப்ள என்பான். கல்வராயன் மலையடிவாரத்தில், கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் வழியில் எங்கள் ஊர். இரண்டு பேரும் ஒரே பள்ளி, பிறகு விருத்தாசலத்தில் ஒரே கல்லூரி, ஒரே வேதியியல் வகுப்பு.

எனக்கு ஊர் சுற்றும் ஆசை அன்றும் இல்லை, இன்றும் இல்லை. என் ஆசை ஒரு நல்ல வேலை. அப்பா மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் பாய்லர் பிரிவில் இருந்தார். அவர் நிற்கிற இடத்துக்கு மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்திருக்கும் கெமிஸ்டாக நான் ஆக வேண்டும். வீட்டில் இருந்த கனவு அவ்வளவுதான்.

ஆசை முழுக்கக் கதிர்வேலிடம் இருந்தது. கள்ளக்குறிச்சிக் கிளை நூலகத்தில் ஒரு பெரிய உலக வரைபடப் புத்தகம் உண்டு. அதை வீட்டுக்குக் கொடுக்க மாட்டார்கள். சனிக்கிழமை தவறாமல் போய் அதன் முன் உட்கார்ந்துகொள்வான். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு ரயில் போகும், நடுவில் எந்த ஆறு குறுக்கிடும் என்று விரலால் போய்க்கொண்டே இருப்பான். மலை உச்சியில் இருக்கும் வெள்ளிமலைக்குப் பஸ் விட்ட புதிதில், மேலே யாரையும் தெரியாமலே ஏறிப் போய், அதே பஸ்ஸில் இறங்கி வந்தான்.

"மேல இன்னாடா வேல உனக்கு?" என்று கேட்டார் என் அப்பா.

"ஒரு வேலயும் இல்ல மாமா. பஸ்ஸு எங்க திரும்புதுன்னு பாக்கப் போனேன்."

"பஸ்ஸு திரும்பிச்சு. நீ எப்ப திரும்புவ?"

1987இல் போலந்து அரசின் உதவித்தொகைக்கு இரண்டு பேரும் விண்ணப்பித்தோம். சர்க்கரைத் தொழில்நுட்பம். இரண்டு பேருக்குமே கிடைத்தது. கதிர்வேல் அந்த வாரம் நூலகத்துக்குப் போய் வந்து என்னிடம் சொன்னான்: "மாப்ள, அது ஐரோப்பாவுக்கு நட்டநடுவுல கீது. எந்தப் பக்கம் காலெடுத்து வெச்சாலும் ஒரு தேசம்."

3

பரஸ்தானம் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். பயணம் போக வேண்டிய நாள் நல்ல நாளாக அமையாவிட்டால், அதற்கு முன்னால் வருகிற ஒரு நல்ல நாளில் பெட்டியை மட்டும் வீட்டைவிட்டு வெளியே அனுப்பி, போகிற வழியில் யார் வீட்டிலாவது வைத்துவிடுவார்கள். பெட்டி கிளம்பினால் ஆள் கிளம்பிய கணக்கு. பிறகு எந்த நாளில் வேண்டுமானாலும் போகலாம், வழியில் பெட்டியை எடுத்துக்கொண்டால் சரி. ஒரே ஒரு விதி, வெளியே வைத்த பெட்டி வீடு திரும்பக் கூடாது.

எங்கள் விமானம் செப்டம்பர் கடைசியில் டில்லியிலிருந்து. அதற்காக ஊரிலிருந்து கிளம்ப வேண்டிய நாட்கள் எல்லாம் தேய்பிறை, மாளய பட்சம். மூதாதையருக்கு உரிய நாட்களில் கடல் தாண்டுவதா என்று அத்தை பதறிப் போனாள். ஆவணி வளர்பிறையில் ஒரு வியாழக்கிழமை பார்த்து, கதிர்வேலின் பெட்டியைச் சின்னசேலம் ரயிலடிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் உறவுக்காரர் வீட்டில் கொண்டுபோய் வைக்கச் செய்தாள். வெறும் துணிப்பெட்டியாக வைத்தால் பலன் இல்லை என்பது அவள் கட்சி.

"எது இல்லாம போவ முடியாதோ, அது பெட்டிக்குள்ள இருக்கணும். அப்பத்தான் பயணம் கெட்டியாவும்."

இல்லாமல் போக முடியாதது பாஸ்போர்ட். அதையே உள்ளே வைத்தான் கதிர்வேல்.

என் அப்பா நாள் கோள் எதையும் நம்பாதவர். தங்கையைச் சீண்டிக்கொண்டே இருந்தார். "பொட்டி முன்னால போவுது, ஆளு பின்னால போறான். பொட்டிக்கு ஜன்னல் சீட்டு கேட்டியாம்மா?"

"உம்புள்ளய நீ ராவு காலத்துல கூட அனுப்பிக்கோண்ணா. எம்புள்ளய நான் நல்லபடியா அனுப்பறேன்."

அந்த நாட்களில் எங்கள் சாதிக்குத் தனி இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல் அறிவித்திருந்தார்கள். எங்கள் ஊரிலும் பெரியவர்கள் தினமும் கூடிப் பேசினார்கள். ஆலைக்குக் கரும்பு ஏற்றி வருகிறவர்கள் வழியில் கேட்ட செய்திகளை அப்பா கவனமாகக் கேட்டு வைத்திருந்தார். மறியலுக்கு முந்தின நாள் இருட்டுகிற நேரத்தில், சென்னைக்கு வெல்லம் ஏற்றிப் போகிற ஒரு லாரியைக் கையோடு அழைத்து வந்து எங்கள் தெருமுனையில் நிறுத்திவிட்டார்.

"நாளைக்கு ரோட்டுல மரம் படுத்துக்கும். இன்னிக்கே ஏறு. கதிரு, நீயும் ஏறு."

கதிர்வேல் சட்டையைக்கூட மாட்டிக்கொண்டு ஓடி வந்துவிட்டான். வந்து நின்ற பிறகுதான் அவனுக்கே ஞாபகம் வந்தது. பெட்டி சின்னசேலத்தில். அது மேற்கே. லாரி போவது கிழக்கே. டிரைவர் நடுராத்திரிக்குள் விழுப்புரத்தைத் தாண்ட வேண்டும் என்று குறியாக இருந்தார்.

"நீ போ மாப்ள. காலையில சைக்கிள்ல போயி பொட்டிய எடுத்துக்கினு அப்பிடியே ரயில் ஏறிடறேன். எழும்பூர்ல பாக்கலாம்."

"மறியல்ங்கிறாங்களே மச்சான்?"

"மறியல் பண்றது யாரு? நம்ம ஆளுங்க. என்னியவா நிறுத்துவானுங்க?"

அவர்கள் நிறுத்தவில்லை. நடந்ததே அதனால்தான்.

4

இனி எழுதுவது அவன் பின்னால் சொன்னது.

மறுநாள் மரங்களைச் சுற்றி, வரப்பு வழியாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சின்னசேலம் போய்ச் சேர்ந்தான். பெட்டி இருந்தது, ரயில் இல்லை. உறவுக்காரர் வீட்டில் தங்கி, வரும் வரும் என்று ரயிலடியில் நின்று பார்த்தான். பிறகு பொறுக்கவில்லை. பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போகாமல் நேராக உளுந்தூர்பேட்டை வரை மிதித்துவிடலாம், அங்கிருந்து எதையாவது பிடிக்கலாம் என்று கிளம்பினான்.

சேலம் ரோட்டில் ஒரு பெரிய புளியமரம் குறுக்கே கிடந்தது. அதன் நிழலிலேயே அண்டா வைத்துச் சோறு பொங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர் இவனை அடையாளம் கண்டுகொண்டார்.

"ஏம்பா, போலந்து போற புள்ள நீதான?"

"ஆமாங்க. அவசரமா போறேங்க. வழி வுடுங்க."

"வழி வுடாம? உங்களுக்காகத்தான இங்க குந்திக்கினு கீறோம். நீ படிச்சி மேல போவத்தான இந்த மரமே வுழுந்துச்சு. ஒரு வா சாப்ட்டுப் போ. வெறும் வயித்தோட கடல் தாண்டாத."

அவரே பெட்டியைக் கேரியரிலிருந்து அவிழ்த்து, மண் படக் கூடாதென்று மரத்தின் மேல் வைத்தார். இலை போட்டார்கள். கதிர்வேல் உட்கார்ந்தான். எங்கள் பக்கத்தில் உறவு என்று ஒருவர் இலை போட்ட பிறகு வேண்டாம் என்று போகிறவன் ஆளே இல்லை.

போலீஸ் வேன்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தன. நின்றிருந்தவர்கள் கரும்புத் தோட்டத்துக்குள் ஓடிவிட்டார்கள். பந்தியில் இருந்தவர்கள் பாதிச் சோற்றில் இருந்தார்கள். "எலையில இருந்து எழுந்துக்காத கண்ணு, சாப்டறவன தூக்க மாட்டாங்க" என்றாராம் பக்கத்தில் இருந்தவர். அவரையும் சேர்த்துத்தான் தூக்கினார்கள்.

வேனில் ஏறும்போது கதிர்வேல் பெட்டியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினான். "சார், நான் போலந்து போவணும் சார்."

"போலந்தா? அது எந்தத் தாலுக்காடா?"

வேனில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்களாம். தானும் சிரித்ததாகக் கதிர்வேல் சொன்னான். அன்றைக்கே விட்டுவிடுவார்கள் என்று அப்போது நினைத்திருந்தான். அவர்கள் சிறைக்குக் கொண்டுபோனார்கள். அவன் வெளியே வந்தபோது விமானம் போய்விட்டிருந்தது. பாஸ்போர்ட் வழக்கோடு கோர்ட்டில் இருந்தது.

5

இதெல்லாம் தெரியாமல் நான் எழும்பூரில் ரயில் ரயிலாகப் பார்த்தேன். தெற்கேயிருந்து வர வேண்டிய பல ரயில்கள் வரவில்லை. டில்லி வண்டியில் ஏறும்போதும் அவன் வேறு வழியாக வந்துவிடுவான் என்று நினைத்தேன். விமானத்தில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது.

லோட்ஸ் என்று எழுதியிருக்கும், ஊச் என்று சொல்ல வேண்டும். அதுதான் நான் கற்ற முதல் பாடம். விடுதியில் எங்களுக்கு ஒரே அறை ஒதுக்கியிருந்தார்கள். கதவில் இரண்டு பெயர் அட்டைகள். விடுதியைப் பார்த்துக்கொண்ட அம்மாள், இன்னொருவர் எங்கே என்று சைகையில் கேட்டாள். வருவான் என்று நானும் சைகையில் சொன்னேன். வாராவாரம் என் படுக்கை விரிப்போடு அவன் விரிப்பையும் மாற்றி மடித்து வைத்தாள். குளிர்காலம் முடியும்போது ஒரு வியட்நாமிய மாணவன் அந்தக் கட்டிலுக்கு வந்தான். அவள்தான் அட்டையைக் கழற்றி, கிழிக்காமல், என் கையில் கொடுத்தாள்.

பார்க்க என்ன இருந்தது? செங்கல் புகைபோக்கிகள். நெசவாலைகளின் நீளமான சுவர்கள். நகரத்துக்குள் ஓடும் ஆறுகளையெல்லாம் தரைக்கு அடியில் மூடிவிட்டிருந்தார்கள். இறைச்சிக்குக் கூப்பன். கழிவறைக் காகிதம் வந்திருக்கிறது என்றால் தெருவே வரிசையில் நிற்கும், வாங்கியவர்கள் உருளைகளைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடப்பார்கள். கடைகளில் எதைக் கேட்டாலும் 'நியேமா' என்பார்கள். இல்லை என்று அர்த்தம். வேறு ஊரில் இரண்டு நாள் தங்குவதென்றாலும் அலுவலகத்தில் போய் முகவரியைப் பதிய வேண்டும். எங்களுக்குக் கொடுத்த பணம் எல்லைக்கு அப்பால் செல்லாது. எந்தப் பக்கம் காலெடுத்து வைத்தாலும் ஒரு தேசம்தான். காலெடுத்து வைக்க முடியாது, அவ்வளவுதான்.

கரும்பும் இல்லை. இங்கே சர்க்கரை, முள்ளங்கி மாதிரி ஒரு கிழங்கிலிருந்து வருகிறது. இலையுதிர் காலத்தில் பயிற்சிக்குப் போன ஆலையின் வாசலில் கிழங்கு ஏற்றிய குதிரை வண்டிகளும் டிராக்டர்களும் வரிசையாக நின்றன. ஓட்டுகிறவர்கள் குளிரில் குந்தியபடி பீடி மாதிரி எதையோ புகைத்துக்கொண்டிருந்தார்கள். மூங்கில்துறைப்பட்டில் நான் பார்த்து வளர்ந்த அதே வரிசை. இதைப் பார்க்க இவ்வளவு தூரம் வர வேண்டுமா என்று தோன்றியது.

கதிர்வேலின் முதல் கடிதம் வந்தபோது பனி பெய்ய ஆரம்பித்திருந்தது. சிறை, வழக்கு எல்லாவற்றையும் சுருக்கமாக எழுதிவிட்டு, கடைசியில் இப்படி முடித்திருந்தான்: "எனக்கும் சேர்த்து நீயே பார்த்துவிடு. பார்த்ததை ஒன்று விடாமல் எழுது."

ஒன்று விடாமல் எழுதினேன். தேதி போட்டு, அன்றைய குளிர் எவ்வளவு என்று போட்டு, கூப்பன், கிழங்கு, காகித மாலை எல்லாவற்றையும் எழுதினேன். அது நான் அவனுக்குச் செய்யக்கூடிய ஒரே காரியம் என்று நம்பினேன்.

பதில் வந்தது: "நான் மனசு உடைந்து போவேன் என்று இப்படி எழுதுகிறாய். எனக்குப் புரிகிறது. ஆனால் மாப்ள, கக்கூஸ் காகிதத்தை மாலை போட்டுக்கொண்டு போகிறார்கள் என்பது கொஞ்சம் ஜாஸ்தி."

6

அடுத்த வருஷம் சேர்ந்துகொள்ளலாம் என்று முதலில் சொன்னார்கள். வழக்கு முடியாமல் பாஸ்போர்ட் வராது. 1989இல் இங்கே ஆட்சி மாறியது, எங்களை அழைத்து வந்த அந்த ஏற்பாடும் முடிந்துபோனது. அதே வருஷம் தமிழ்நாட்டில் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்குத் தனி ஒதுக்கீடு வந்தது. பிறகு வழக்கைத் திரும்பப் பெற்றார்கள். தேர்வு எழுதிக் கதிர்வேல் தாலுகா அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் ஆனான். அந்த மரத்தடியில் சோறு போட்ட பெரியவர் வீடு தேடி வந்து, "பாத்தியா, நம்ம போராட்டம் வீண் போவல" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாராம். அவர் சொன்னது உண்மை.

நான் முதல் தடவையாக ஊருக்குப் போனது 1992இல். கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே வந்த ஒருவர் கதிர்வேலைப் பார்த்து, "இன்னா போலந்து, பிளைட்டு இன்னும் லேட்டா?" என்றார். அப்போதுதான் அவனுக்கு ஊர் வைத்த பெயர் எனக்குத் தெரிந்தது.

"சிக்னல் போடலண்ணே" என்றான் கதிர்வேல், டீயை ஆற்றிக்கொண்டே.

அவர் போன பிறகு என்னைப் பார்த்தான்.

"இப்ப நேர்ல சொல்லு மாப்ள. இங்க பக்கத்துல அம்மா இல்ல, மாமா இல்ல, யாரும் இல்ல. எங்கெங்க போன?"

"எங்கயும் போகல மச்சான். விடுதி, வகுப்பு, கிழங்கு ஆலை. எழுதினேனே."

"அஞ்சு வருசம்."

"ஆமா."

"ஐரோப்பாவுல அஞ்சு வருசம் இருந்துட்டு, நான் இங்க சாதிச் சான்றிதழுக்கு சீல் வெக்கிற மாரி நீ அங்க கெழங்கு கழுவிக்கினு இருந்தன்ற."

"அப்படித்தான் இருந்தது."

அவனுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. என் தோளில் கைபோட்டான். "நீ நல்லவன்டா. சின்ன வயசுல இருந்தே நீ நல்லவன். நான் கீழ வுழுந்தா நீயும் பக்கத்துல வுழுந்து எழுந்து வருவ. ஆனா நான் இன்னும் சின்னப் புள்ள இல்ல. இனிமே நெசத்தச் சொல்லலாம்."

நிஜத்தைத்தான் சொல்கிறேன் என்றால் அது இன்னும் பெரிய அன்பாகப் போய்ச் சேர்ந்தது. புகைப்படங்கள் காட்டினால், வேண்டுமென்றே மோசமான இடங்களாகப் பார்த்து எடுத்திருக்கிறாய் என்பான். எத்தனையோ வருஷம் இப்படியே போயிற்று. சரி, அழகான இடங்கள் என்று பொய் சொல்லிவிடலாமா என்றும் யோசித்தேன். சொன்னால் அதை நம்புவான், நம்பிவிட்டு அந்த இரவு அவன் எப்படித் தூங்குவான் என்றும் யோசித்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே என் வாழ்க்கை சாதாரணமானது. நான் வேலை பார்த்த ஆலை மூடியது, வேறொரு ஆய்வகத்தில் சேர்ந்தேன், வீட்டுக்கடன், குழந்தை, குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்க வருஷக்கணக்கில் வரிசை. அந்த வரிசையில் நிற்கும்போது சில சமயம் நினைத்துக்கொள்வேன்: கள்ளக்குறிச்சி தாலுகா அலுவலகத்தில் ஒருவன் இந்த நேரத்தில் நான் ஏதோ ஒரு பாலத்தின் மேல் நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறான். அந்த நினைப்பு எனக்குப் பிடித்திருந்தது.

7

2018இல் கதிர்வேல் வந்தான்.

நானாகத்தான் கூப்பிட்டேன். அரசு ஊழியர் வெளிநாடு போகத் தடையில்லாச் சான்று வேண்டும். மற்றவர்களுக்கெல்லாம் சான்றிதழ் கொடுத்தவன் தன் சான்றுக்காக மாதக்கணக்கில் மேசை மேசையாக நடந்தான். அத்தை அதற்குள் இறந்துபோயிருந்தாள். பெட்டியை இந்த முறை யார் வீட்டிலும் வைக்கவில்லை, பாஸ்போர்ட்டைச் சட்டைப் பைக்குள் வைத்து ஊக்கு குத்திக்கொண்டு வந்தேன் என்று வார்சா விமான நிலையத்தில் காட்டினான். காட்டிவிட்டுச் சிரித்தான். அன்றைக்கு அவனைப் பார்த்தால் அந்த வரைபடப் புத்தகத்தின் முன் உட்கார்ந்திருந்தவன் மாதிரியே இருந்தான்.

முதல் நாளே விடுதியைப் பார்க்க வேண்டும் என்றான். கட்டடம் இன்னும் இருந்தது, வண்ணம் மட்டும் மாறியிருந்தது. காவலாளியிடம் பேசி எங்கள் அறைக்குப் போனோம். அங்கே இருந்த மாணவன் எழுந்து வழிவிட்டான்.

"என்னிது எது?"

ஜன்னல் பக்கத்துக் கட்டிலைக் காட்டினேன். போய் உட்கார்ந்தான். ஜன்னல் வழியே பார்த்தான். எதிரே ஒரு சுவர், அதற்குப் பின்னால் ஒரு புகைபோக்கி.

"அப்பவும் இதான் தெரிஞ்சுதா?"

"அப்ப புகை வரும்."

எழுந்து, விரிப்பில் விழுந்த சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டான்.

மறுநாள் மூடிக் கிடக்கும் கிழங்கு ஆலைக்கு அழைத்துப் போனேன். எழுதிய மாதிரியே வாசலில் வண்டிகள் நிற்கிற இடம், எடைமேடை. திரும்பும்போது எங்கள் தெருவில் மார்த்தாவின் அம்மாவைச் சந்தித்தோம். அவருக்கு எண்பது வயது, பழைய கதைகளைப் பேசப் பிரியப்படுவார். கதிர்வேல் என் மூலமாக அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: காகிதத்தைக் கயிற்றில் கோத்து மாலை போட்டுக்கொண்டு போவீர்களாமே, நிஜமா? அவர் விழுந்து விழுந்து சிரித்து, கழுத்தில் மாலை போட்டுக்கொண்டு நடப்பது மாதிரி நடந்தே காட்டினார். வழியில் போனவர்கள்கூட நின்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக எனக்கு ஒரு சாட்சி கிடைத்திருந்தார்.

திரும்பிப் பார்த்தால் கதிர்வேல் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்திருந்தான்.

"இன்னா மச்சான், தலை சுத்துதா?"

"நீ எழுதினது அத்தினியும் நெசந்தான்."

"ஆமா மச்சான். அதைத்தானே சொல்லிக்கிட்டே இருந்தேன்."

"அத்தினியும்?"

அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த இலையிலிருந்து எழுந்திருந்தால் தனக்கு என்ன கிடைத்திருக்கும் என்று ஒரு மனிதன் வாழ்நாள் முழுக்கக் கணக்குப் போட்டு வைத்திருந்தான். அந்தக் கணக்கின் மறுபக்கத்தை நான் விமானச் சீட்டு எடுத்து வரவழைத்துக் காட்டிவிட்டேன். அங்கே ஒரு சுவர்தான் இருந்தது.

8

அதன் பிறகு வந்த நாட்களில் அவன் அதிகம் வெளியே வரவில்லை. ஜூன் மாத வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு எங்கள் பால்கனியில் உட்கார்ந்திருந்தான். மாயாவுக்கு அப்போது பதினான்கு வயது. இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. அவளுடைய பள்ளி வரைபடப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் அதைத் திறக்காமலே மடியில் வைத்துக்கொண்டிருந்தான்.

நான் ஒரு திட்டம் வைத்திருந்தேன். வியன்னா வரை ரயில், அங்கிருந்து ஆல்ப்ஸ் மலைக்கு இன்னொரு ரயில், மலை ஊரில் ஒரு வாரம். இரண்டு பேருக்கும் ரயில் சீட்டு எடுத்தாகிவிட்டது. நானும் அதுவரை போகாத இடம். இதையாவது அவனோடு பார்த்துவிட வேண்டும், இது ஒன்றாவது அவன் நினைத்த மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். சீட்டுகளை அவன் கையில் கொடுத்தேன்.

இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"வேணாம் மாப்ள."

"ஏன்? குளிருக்குப் பயப்படாதே, நல்ல கோட் இருக்கு."

"குளிருக்கு இல்ல." சீட்டுகளை என் சட்டைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டான். "அந்த மலை எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும். ரயிலு எந்தக் குகையில பூந்து எங்க வெளிய வருதுன்னு கூடத் தெரியும். அதையும் நேர்ல வந்து பாத்துட்டா, அப்பறம் எனக்கு இன்னா இருக்குது?"

"ஒருவேளை நீ நினைச்சதைவிட நல்லா இருந்தா?"

"இருந்தா இன்னும் மோசம்டா."

எதிர் வீட்டுச் சுவர் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டான். பிறகு அவனே சொன்னான்: "நீ பொய் சொல்றன்னு நெனச்சிக்கினு இருந்தேன் பாரு, அந்த முப்பது வருசம் நான் நல்லாத்தான் இருந்தேன். கோவம் இருந்துச்சு. ஆனா ஒரு எடம் இருந்துச்சு."

ஒரு மாதம் தங்குவதாக வந்தவன் பயணத்தை முன்கூட்டியே மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான். விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "உன் மேல ஒண்ணும் இல்ல" என்றான். உள்ளே போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த ரயிலில் நானும் போகவில்லை. இந்த வருஷங்களில் இரண்டு மூன்று வாய்ப்புகள் வந்தன. ஒரு முறை ஆய்வகத்திலிருந்து எல்லோரும் ஆல்ப்ஸுக்குப் போனார்கள். மாயா அந்த மலைக்கே பனிச்சறுக்குக்குப் போய்விட்டு வந்து படங்களைக் காட்ட வந்தாள். எனக்குக் கண் வலி என்று சொல்லிவிட்டேன்.

கதிர்வேல் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்கிறான். ஓய்வு பெற்றுவிட்டான். கோமுகி அணையில் எவ்வளவு தண்ணீர், யாருக்குக் கல்யாணம், யாருக்குச் சர்க்கரை நோய் என்று பேசுகிறோம். இங்கே என்ன நடக்கிறது என்று கேட்பதில்லை. எப்போதாவது ஒரு தடவை, பேச்சு முடிந்து வைக்கப் போகிற சமயத்தில், சும்மா கேட்பது மாதிரி கேட்பான்.

"மாப்ள, அந்த மலைப் பக்கம் போனியா?"

"இல்ல மச்சான்."

"நெசமா?"

"நெசமா."

இந்த ஒன்றை மட்டும் உடனே நம்பிவிடுகிறான்.